நான் போகாத கூட்டமும் மாணிக்கம் பேசாத பேச்சும்

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ‘வெகு சிறப்பாக நடைபெற்றது’ என்று முடியும் செய்திகளை இந்தப் பத்திரிகைக்கு இருபது வருடமாக அனுப்பி வருகிறேன் அல்லவா? அவற்றில் பாதி நிகழ்ச்சிகளுக்கு நான் போனதே இல்லை.

அதிர்ச்சி அடைய வேண்டாம். போனவற்றிலும் பாதியில் எழுந்து வந்திருக்கிறேன்.

பத்தி எழுதுவது வாரத்தில் ஒரு நாள் கூத்து. மற்ற நாட்களில் பதுளையில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். மிச்ச நேரத்தில் பகுதி நேர நிருபர். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் முன்பள்ளிக்குப் பெயின்ட் அடித்தாலும் சரி, விளையாட்டு மைதானத்துக்குப் பெயர்ப் பலகை வைத்தாலும் சரி, அழைப்பிதழ் என் வீட்டுக்கு வந்துவிடும்.

அழைப்பிதழ் வந்தால் செய்தி வந்த மாதிரிதான். தலைமை யார், பிரதம அதிதி யார், சிறப்பு அதிதிகள் யார், நன்றியுரை யார்... எல்லாம் அச்சடித்தே வருகிறது. ‘ஆற்றுவார்’ என்றிருப்பதை ‘ஆற்றினார்’ என்று மாற்றினால் முடிந்தது. படம் வாட்ஸ்அப்பில் வரும்.

பெயர்ப் பட்டியலில் மட்டும் நான் என்றைக்கும் கஞ்சத்தனம் காட்டியதில்லை. காரணம் அனுபவம். ‘நான் வந்தேன், என் பெயரை விட்டுவிட்டீர்’ என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஒருவர் பஸ் ஸ்டாண்டில் வைத்து என் குடையைப் பிடுங்கினார். ‘நான் வரவில்லை, ஏன் என் பெயரைப் போட்டீர்?’ என்று கேட்டவர் இருபது வருடத்தில் ஒருவர்கூட இல்லை.

போன மாதம் வரை.

தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே இளைஞர் மன்றம் ஒன்று லயத்து வரிசை வீடுகளில் வாழும் பிள்ளைகளுக்காக வாசிகசாலை கட்டியிருந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. அழைப்பிதழின் கடைசி வரியில் ‘நன்றியுரை: திரு. ச. மாணிக்கம், செயலாளர்’ என்றிருந்தது.

மாணிக்கத்தை எனக்குத் தெரியும். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவர். ஐம்பத்தெட்டு வயது; எங்கள் பக்கம் மன்றத்தின் பெயரில் மட்டும்தான் இளைஞர். அவருடைய மகள் யோகா என்னிடம் படித்தவள். இப்போது கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலை.

அந்த ஞாயிறு நல்ல மழை. வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி. இந்தப் பக்கம் வாசிகசாலை, அந்தப் பக்கம் கறி... நான் போகவில்லை. அதைவிட மோசமான உண்மை ஒன்று இருக்கிறது. செய்தியைச் சனிக்கிழமை மாலையே எழுதி முடித்துவிட்டேன்.

‘செயலாளர் திரு. ச. மாணிக்கம் ஆற்றிய உருக்கமான நன்றியுரை சபையோரின் பலத்த கரகோஷத்தைப் பெற்றது.’

உருக்கமும் கரகோஷமும் என் அன்பளிப்பு. மகள் என் மாணவி அல்லவா?

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மாலை யோகா எனக்குப் போன் எடுத்தாள். குரல் சரியில்லை.

“சேர், அப்பா அன்னைக்கு பேசவே இல்ல சேர்.”

“என்னைக்கு?”

“வாசிகசாலை திறந்த அன்னைக்கு. காலையில வேட்டி கட்டிக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சு வலி வந்திருச்சு. ஆட்டோவில போட்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க. பத்தரைக்கு வார்ட்டுல சேர்த்தாச்சு. நீங்க அவரு பேசினாருன்னு எழுதியிருக்கீங்க சேர்.”

அதனால் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, அவளே சொன்னாள்.

இரத்தக்குழாயில் அடைப்பு. வீட்டுக்கு அனுப்பும்போது, ஸ்டென்ட் வைக்க வேண்டி வரும், தள்ளிப்போடக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். இலவசமாகச் செய்ய வரிசை இருக்கிறது; அந்த வரிசை நீளம். ஆனால் யோகாவின் கம்பெனி தன் ஊழியர்களின் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து மருத்துவக் காப்புறுதி எடுத்து வைத்திருக்கிறது. கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அடுத்த வியாழக்கிழமைக்கு இடம் கிடைத்துவிட்டது. புதன்கிழமை மத்தியானத்துக்குள் காப்புறுதிக் கம்பெனியின் அனுமதிக் கடிதம் அங்கே போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் இன்னொருவருக்கு. அந்த டொக்டரும் வெள்ளிக்கிழமை வெளிநாடு போகிறார்; திரும்பிவர ஒன்றரை மாதம்.

“கடிதத்தை நிப்பாட்டி வச்சிருக்காங்க சேர். அப்பா பேரை நெட்ல தேடிப் பாத்திருக்காங்க. உங்க செய்திதான் வந்திருக்கு.”

யோசித்துப் பாருங்கள். முப்பது வருடம் உழைத்த ஒரு மனிதரின் பெயர் இணையத்தில் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. அந்த ஓர் இடத்திலும் இருப்பது பொய். அந்தப் பொய்யை எழுதியது நான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் செய்திகளில் பெயர்கள் சரியாக வருவது அபூர்வம். மகேந்திரன் மகேஸ்வரனாவார், இனிஷியல் இடம் மாறும். இந்த ஒரு தடவை, மாணவியின் அப்பா என்பதற்காக, இனிஷியல், தோட்டத்தின் பெயர், பதவி எல்லாவற்றையும் சரிபார்த்துப் போட்டிருந்தேன்.

மறுநாள் காலை காப்புறுதிக் கம்பெனிக்குப் பேசினேன். கோப்பைப் பார்க்கும் பெண் யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். இளம் குரல். மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது.

“இந்தச் செய்தி நீங்கள் எழுதினதுதானே சேர்?”

“ஆமாம்.”

“நிகழ்ச்சிக்குப் போனீங்களோ?”

“...இல்லை.”

“பேந்து எப்பிடி உருக்கமான உரை எண்டு எழுதினீங்கள்?”

இந்தக் கேள்விக்கு உங்களில் யாருக்காவது நல்ல பதில் தெரிந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள். நான் இருமினேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். “வார்ட் டிக்கட்டில பத்தரைக்கு அட்மிட் எண்டு இருக்கு. உங்கட செய்தியில அதே நேரம் ஆள் மேடையில நிக்கிறார். ஒரு ஆள் ரெண்டு இடத்தில நிக்கேலாது தானே? வேற ஆளின்ர நெஞ்சு வருத்தத்துக்கு காப்புறுதி இருக்கிற ஆளின்ர பேரைக் குடுக்கிறவையும் இருக்கினம் சேர். அதுதான் கேக்கிறம்.”

பொய் சொன்னது நான். சந்தேகம் விழுந்தது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போன மனிதர் மேல்.

சத்தியக் கடதாசி ஒன்று அனுப்புகிறேன் என்றேன். ‘நான் போகவில்லை, பார்க்கவில்லை, எழுதியது கற்பனை’ என்று ஒரு பக்கத்துக்கு எழுதினேன். கையெழுத்துக்குச் சாட்சியாக சமாதான நீதவான் ஒருவர் வேண்டும். பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஜியாரிடம் ஓடினேன். இருபது வருடப் பழக்கம்.

“வாங்க மாஸ்டர், என்ன விசயம், செல்லுங்க. காணிப் பிரச்சினையா?”

கடதாசியை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பாதியில் நிறுத்தித் தலைக்கு மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். காசுப் பெட்டிக்குப் பின்னால் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், என்னுடைய அதே செய்தி! ‘சிறப்பு அதிதியாகக் கலந்துகொண்ட தொழிலதிபரும் சமாதான நீதவானுமான அல்ஹாஜ்...’ என்ற இடத்தில் சிவப்புக் கோடு வேறு.

“நீங்க போகல்லண்டா நான் வந்தேன்டு எப்பிடி எழுதினீங்க?”

“நீங்களும் போகலையா ஹாஜியார்?”

“நான் அண்டெய்க்கி பண்டாரவளையில கலியாண ஊட்டுல மாஸ்டர்!”

“அப்ப ஏன் எனக்குச் சொல்லல?”

ஹாஜியார் மேசையில் கிடந்த சீலை ஒன்றை எடுத்து மடித்தார். பிறகு, “நல்லாத்தானே எழுதி ஈந்தீங்க,” என்றார்.

சட்டத்தைக் கழற்றிச் சுவரோடு சாத்தி வைத்தார், முகம் சுவரைப் பார்க்க. முத்திரையை ஊதி ஊதி அடித்தார். “மனுசனுக்கு நெஞ்சு வலி. இதெல்லாம் என்னத்துக்கு மாஸ்டர் நமக்கு?” என்று கேட்டார். அந்த ‘நமக்கு’ எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கடதாசியை ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். சனி, ஞாயிறு அலுவலகம் பூட்டு. அந்த இரண்டு நாளும் நான் எப்படி இருந்தேன் என்று என் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் ‘மாணிக்கத்துக்கு ஏதாவது...’ என்று அவளுக்கு முன்னால் ஓடினேன். ஞாயிறு மாலை எனக்கே இடது பக்கம் குத்தியது. பல வருடத்துக்கு முன் ஒரு ஏஜென்ட் தந்த காப்புறுதிப் பத்திரத்தைத் தேடி எடுத்து, முதல் தடவையாக முழுவதும் வாசித்தேன். விபத்தில் கை கால் போனால் மட்டும்தானாம். குத்தல் தானாக நின்றுவிட்டது.

திங்கள் காலை காப்புறுதிப் பெண்ணே பேசினார்.

“கடதாசி கிடைச்சது சேர். ஆனா ஒரு பிரச்சினை. முதல் எழுதினது பொய்யெண்டு நீங்களே சொல்றீங்கள். அப்ப ரெண்டாவதா எழுதினதை நாங்கள் எப்பிடி நம்புறது?”

இத்தனை வருடத்தில் என் எழுத்தைப் பற்றி இவ்வளவு சரியான விமர்சனம் வந்ததில்லை.

“வேற ஆரும் எடுத்த படம், வீடியோ ஏதும் இருந்தா அனுப்புங்கோ. புதன் பன்னிரெண்டுக்குள்ள,” என்றார்.

அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு பஸ் ஏறினேன். நிகழ்ச்சி முடிந்து மூன்று வாரம் கழித்து நிருபர் நேரில் போகிறார்!

ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறப் படிகள். நடுவில் இரண்டு தடவை நின்றேன். இந்தப் படியில்தானே அந்த மனிதரை மழையில் தூக்கி இறக்கியிருப்பார்கள்? மேலே நிமிர்ந்தால் மாணிக்கம் என்னை வரவேற்க நாலு படி இறங்கி வந்துகொண்டிருந்தார்.

“இறங்காதீங்க, இறங்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது!” பின்னாலேயே அவருடைய மனைவி பார்வதியின் சத்தம். “டொக்டர் சொன்னாக் கேக்க மாட்டாரு. பேப்பர்காரர் வந்தா மட்டும் ஓடுவாரு.”

வீட்டுக்குள் ஆணியில் ஒரு பை தொங்கியது. துவாய், பிளாஸ்க், இடுப்பில் கட்ட ஒரு புதுச் சாரம். வியாழக்கிழமைக்குக் கட்டி வைத்த பை.

மன்னிப்பு என்று ஏதோ உளறினேன். மாணிக்கம் சிரித்தார். மூச்சு எடுக்க இடைவெளி விட்டு விட்டுப் பேசினார்.

“விடுங்க மாஸ்டர். நம்ம பேரு பேப்பர்ல வந்திச்சில்ல.” டொக்டர் மருந்து எழுதித் தரும் கிளினிக் கொப்பியை விரித்தார். உள்ளே என் செய்தியைக் கத்தரித்து வைத்திருந்தார். கூடவே நாலாக மடித்த ஒரு கடதாசி. “பேசுறதுக்கு எழுதி வச்சிருந்தேன். சட்டப் பையில இருந்திச்சு. வலி வந்தப்பவும் இது நனைஞ்சிருமோன்னுதான் பயந்தேன்.”

வாங்கி வாசித்தேன். வாசிகசாலைக்குக் கல் சுமந்தவர்கள், சீமெந்து குழைத்தவர்கள், புத்தகம் தந்தவர்கள்... ஒருவரையும் விடாமல் நன்றி சொல்லியிருந்தார். கடைசியில், ‘வந்திருந்து செய்தி வெளியிடும் பத்திரிகை மாஸ்டர் அவர்களுக்கும்’ என்று ஒரு வரி.

கடதாசியைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

“அது கெடக்கட்டும்,” என்றார் பார்வதி. “இந்த வரிசையில பத்து வீடு. மத்தவங்க எல்லாம் கிளினிக் கொப்பிய வச்சுக்கிட்டு விடியக்காலம் பஸ் ஏறுறாங்க. எங்க புள்ள படிச்சு, ஏதோ இவருக்கு இது ஒன்னு கெடைச்சிருக்கு. வியாழக்கெழம வேன் போகுமா போகாதா? அத மொதல்ல சொல்லுங்க மாஸ்டர்.”

பத்து வீட்டில் காப்புறுதி உள்ள நெஞ்சு ஒன்றே ஒன்று. அதையும் நான் சிக்கலில் மாட்டிவிட்டேன். இருபது வருடத்தில் ரிப்பன் வெட்டியவர்களின் பெயர்களை எத்தனை ஆயிரம் எழுதியிருப்பேன்? அந்த விடியக்காலப் பஸ்ஸைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறேனா? கிளினிக் வரிசைக்கு யாரும் அழைப்பிதழ் அச்சடிப்பதில்லை... அதனால் எனக்குத் தெரியவில்லை.

தகவல் கேட்டு மன்றத் தலைவர் ஓடி வந்தார். மாணிக்கம் வரவில்லை என்று ஒரு கடிதம் கேட்டேன். தலையைச் சொறிந்தார். விழாவுக்கு உதவியவர்களுக்கெல்லாம் என் செய்தியை ஏற்கெனவே அனுப்பிவிட்டாராம்.

“ரெண்டும் உண்மையா இருக்கிற மாதிரி எழுத முடியாதா மாஸ்டர்?”

பார்வதி பார்த்த பார்வையில் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “இல்லக்கா, குடுக்கிறேன், குடுக்கிறேன். மறைக்க என்னா இருக்கு? நான்தான் அன்னைக்கு மைக்லயே சொன்னேனே... மாணிக்கம் அண்ணன ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிருக்கு, அதனால நன்றியுரை இல்ல, எல்லாரும் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கன்னு. அத்தன பேரும் கேட்டாங்க.”

அத்தனை பேரும் கேட்டார்கள். செய்தி எழுதியவனைத் தவிர.

“யாராவது வீடியோ எடுத்தாங்களா?”

எடுத்திருந்தாள். கீழ் லயத்துச் செல்வி. அவளுடைய கணவன் கட்டாரில் வேலை செய்கிறான். மகள் வரவேற்பு நடனம் ஆடினாள் என்று முழு விழாவையும் போனில் பிடித்து அவனுக்கு அனுப்பியிருந்தாள். ஓடினோம். நான் ஓடவில்லை, வழுக்கினேன்.

“போன்ல எடம் இல்லன்னு அழிச்சிட்டேனே சேர்,” என்றாள் செல்வி. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தாள். “அவரு அழிச்சிருக்க மாட்டாரு. புள்ள ஆடுறது இருக்கில்ல. ஆனா வேலை எடத்துக்கு போன் கொண்டு போக முடியாது. ரூமுக்கு வந்தப்புறந்தான் பாப்பாரு.”

மாணிக்கத்தின் நெஞ்சு இப்போது கட்டாரில் ஒரு மனிதனின் ரூம் அலமாரிக்குள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பாடவேளை. வீடியோ என் போனுக்கு வந்தது. பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு ஆசிரியர் அறைக்கு ஓடினேன். கடைசித் துண்டைப் போட்டேன். மேடை தெரிகிறது. தலைவர் மைக்கைப் பிடிக்கிறார். வாய் அசைகிறது. ஒன்றும் கேட்கவில்லை! தகரக் கூரையில் மழை... சடசடவென்று அது மட்டும்தான் கேட்கிறது.

முடிந்தது என்று போனைக் கீழே வைக்கப் போனேன். அப்போது மழையையும் மீறி, மிகப் பக்கத்தில், ஒரு பெண் குரல்:

“கேக்குதாங்க? மாணிக்கம் மாமாவுக்கு நெஞ்சு வலியாம். பதுளைக்கு கொண்டு போயிருக்காங்களாம். நன்றியுரை இல்லயாம். பாவம், வெள்ள வேட்டியோட ஏத்துனாங்க, நான் பாத்தேன். யோகா அக்காவுக்கு சொல்லிட்டாங்களோ என்னமோ... சரி, பாப்பாவுக்கு கேக் குடுக்கிறாங்க, இந்தா பாருங்க.”

கட்டாரில் இருக்கும் கணவனுக்காகச் செல்வி கூடவே பேசிக்கொண்டு எடுத்திருக்கிறாள். அவள் அன்றைக்கு அனுப்பிய நாளும் நேரமும் தெரிகிற வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷொட்டும் கூடவே வந்திருந்தது. எல்லாவற்றையும் காப்புறுதிப் பெண்ணுக்கு அனுப்பினேன். நீல நிற அடையாளம் வரவில்லை. பின்னேரம் வரை வரவில்லை. போன் எடுத்தேன், பதில் இல்லை.

புதன் காலை பத்து மணிக்கு நீலமானது. பதினொன்று. பதினொன்றரை. அந்தப் பாடவேளையில் பிள்ளைகளுக்கு என்ன படிப்பித்தேன் என்று எனக்கு நினைவில்லை; அவர்களுக்கும் இருக்காது. பதினொன்று நாற்பதுக்கு யோகாவின் மெசேஜ்: ‘கடிதம் கண்டிக்குப் போய்விட்டது சேர்.’

பிள்ளைகளிடம் புத்தகத்தை மூடச் சொன்னேன்.

வியாழக்கிழமை வேன் போனது. இரண்டு அடைப்பு, இரண்டு ஸ்டென்ட். மாணிக்கம் இப்போது வீட்டில் இருக்கிறார். படி இறங்குவதில்லை, பார்வதி காவல் இருக்கிறார். ஆனாலும் அடுத்த தடவை போன் அடிக்கும்போதும் நான் ஓடத்தான் செய்வேன். மற்ற ஒன்பது வீடுகளும் அங்கேயேதான் இருக்கின்றன.

வாசிகசாலைச் செய்தியைப் படித்தவர்கள் இந்தப் பத்தியையே திருத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். நன்றியுரை நடைபெறவில்லை. கரகோஷம் இல்லை. ஹாஜியார் வரவில்லை. நானும்தான்.

எல்லாம் முடிந்த பிறகு காப்புறுதிப் பெண்ணுக்கு நன்றி சொல்லப் போன் எடுத்தேன். ஓர் உருக்கமான நன்றியுரைதான். இந்தத் தடவை நிஜமாகவே ஆற்றினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“வீடியோ முழுக்கப் பார்த்தனான் சேர். அந்தப் பிள்ளை நல்லா ஆடினவ. உங்கட பேப்பரில நிருபர் வேலை ஏதும் காலியா வந்தா, வீடியோ எடுத்த அந்த அக்காவைக் கேட்டுப் பாருங்கோவன்.”